அத்தியாயம் 6: ஓரத்தில் தொடங்கு, மையத்தை மறக்காதே

பலகையை எடுத்து வையுங்கள். இந்த அத்தியாயத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். காய்களைக் கையால் நகர்த்திக்கொண்டே படியுங்கள்.

சென்ற இரண்டு அத்தியாயங்களில் இ4, டி4 என்று நடுச் சிப்பாயைத் தள்ளித் தொடங்கும் ஆட்டங்களைப் பார்த்தோம். அவை வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் கூடத்தில் போய் உட்காரும் தொடக்கங்கள். இப்போது பார்க்கப்போவது திண்ணையில் உட்கார்ந்தபடி கூடத்தைக் கவனிக்கும் தொடக்கம். முதல் நகர்வு சி4 ஆக இருக்கலாம், குதிரை எஃப்3 ஆக இருக்கலாம், பி3 ஆகவோ ஜி3 ஆகவோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணம் ஒன்றுதான்: நடுவில் உடனே சிப்பாயை நிறுத்தாமல், ஓரத்திலிருந்து காய்களின் பார்வையை நடுவின்மேல் வைப்பது. இவற்றை ஓரத் தொடக்கங்கள் என்போம்.

இது புதிய மோகம் அல்ல. இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டாண்டன் 1843-இல் பாரிசில் செயின்ட் அமானுடன் மோதியபோது சி4-ஐப் பல ஆட்டங்களில் ஆடினார். அதனால்தான் அதற்கு இங்கிலீஷ் தொடக்கம் என்று பெயர். 1924-இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ரெட்டி, குதிரை எஃப்3 என்று தொடங்கி உலக சாம்பியன் காபபிளாங்காவை வீழ்த்தினார். எட்டு ஆண்டுகளில் காபபிளாங்கா கண்ட முதல் தோல்வி அது. நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 2024-இல் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலகப் பட்டம் வென்ற 14 ஆட்டப் போட்டியில் வெற்றி தோல்வி கண்டவை ஐந்து ஆட்டங்கள்தான். அவற்றில் 11-ஆவதும் 14-ஆவதும் குதிரை எஃப்3 என்று தொடங்கியவை. 12-ஆவது சி4 என்று தொடங்கியது. கடைசிக் கட்டத்தில் பட்டத்தைத் தீர்மானித்த இந்த மூன்று ஆட்டங்களும் திண்ணையில்தான் தொடங்கின எனலாம்.

ஆனால் மேதைகள் ஆடும் ஆட்டத்திலிருந்து நாம் இதைக் கற்பது கடினம். அவர்கள் செய்யாத பிழைகளைத்தான் நாம் செய்கிறோம். ஆகவே இங்கே எடுத்துக்கொள்வது நம்மைப் போன்ற இருவரின் ஆட்டம். வெள்ளை ஆடியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கறுப்பு ஆடியது பதினோராம் வகுப்பு மாணவி. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடுபவர்கள். ஆளுக்கு முப்பது நிமிடம்.

குறியீடு பற்றி இரண்டு வரி

வெள்ளையின் பக்கமிருந்து பார்க்க, இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். பிஷப் என்று சிலர் சொல்லும் காயை மந்திரி என்றும், ரூக் என்பதை யானை என்றும் எழுதுகிறேன். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் ராஜா பக்கம் கோட்டை கட்டுதல். காயின் பெயர் இல்லையென்றால் நகர்ந்தது சிப்பாய். மூன்று புள்ளியோடு வரும் நகர்வு கறுப்புடையது. ஆச்சரியக்குறி நல்ல நகர்வுக்கு, கேள்விக்குறி பிழைக்கு.

திண்ணையில் பாய் விரித்தல்

1. சி4 இ5
2. குதிரை சி3 குதிரை எஃப்6
3. ஜி3 மந்திரி சி5
4. மந்திரி ஜி2 0-0

வெள்ளையின் நான்கு நகர்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். சி4 சிப்பாய் டி5 கட்டத்தைத் தொடுகிறது. சி3 குதிரை டி5-ஐயும் இ4-ஐயும் பார்க்கிறது. ஜி2 மந்திரி இ4, டி5 வழியாக நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் பார்க்கிறது. ஒரு காய்கூட நடுக்கட்டங்களில் நிற்கவில்லை. எல்லாக் காய்களின் பார்வையும் அங்கேதான் இருக்கிறது. ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதன் பின்னால் மந்திரியை உட்காரவைக்கும் இந்த அமைப்பைத்தான் ஃபியான்செட்டோ என்கிறார்கள்.

கறுப்பும் தவறாக ஆடவில்லை. ஆனால் சி5 மந்திரியைக் கவனியுங்கள். இ4 தொடக்கங்களில் அது எஃப்2-ஐக் குறிவைக்கும் நல்ல காய். இங்கே வெள்ளை இன்னும் தன் டி, இ சிப்பாய்களைத் தொடவே இல்லை. நாளை டி4 என்று ஒரு சிப்பாய் வந்தால், இந்த மந்திரி அடிபட்டு ஓட வேண்டியிருக்கும். பழகிய தொடக்கத்தின் நகர்வைப் பழகாத தொடக்கத்தில் அப்படியே ஆடுவது நம்மில் பலருக்குள்ள வழக்கம். 3...டி5 என்று கறுப்பு உடனே நடுவில் மோதியிருக்கலாம், 3...மந்திரி பி4 என்று குதிரையைத் தொட்டிருக்கலாம்.

5. இ3 குதிரை சி6
6. ஜி1 குதிரை இ2 டி6
7. 0-0 மந்திரி ஜி4

குதிரையை ஏன் எஃப்3-க்குக் கொண்டுவராமல் இ2-இல் வைத்தார்? இரண்டு காரணங்கள். எஃப்3-இல் குதிரை நின்றால் ஜி2 மந்திரியின் மூலைவிட்டம் அடைபடும். இ2-இல் நின்றால் மந்திரியின் பார்வையும் மறையாது, டி4-க்கும் துணை கிடைக்கும். இ3 சிப்பாயின் வேலையும் அதுவே. டி4-க்கான பாதை மெல்லத் தயாராகிறது.

கறுப்பின் 7...மந்திரி ஜி4 இ2 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. இப்போது அவசரப்பட்டு 8. டி4 என்று தள்ளினால் என்ன ஆகும்? 8...இ×டி4 9. இ×டி4 குதிரை×டி4. இ2 குதிரை அசைந்தால் ராணி போய்விடும். ராணியே வெட்டினால் சி5 மந்திரி அதை வெட்டிவிடும். ஒரு சிப்பாய் சும்மா போயிற்று. நடுவில் நுழைய வேண்டும்தான். ஆனால் வாசலில் நாய் நிற்கும்போது அல்ல. முதலில் நாயை விரட்ட வேண்டும்.

8. எச்3

சரியான நகர்வு. மந்திரியிடம் நேராகக் கேள்வி கேட்கிறது: வெட்டுகிறாயா, போகிறாயா?

இரண்டு பேரும் தவறவிட்ட கணம்

8...மந்திரி இ6?
9. பி3?

பலகையை இங்கே நிறுத்துங்கள். கறுப்பின் நகர்வு பார்க்க அழகாக இருக்கிறது. பின்வாங்கிய மந்திரி சி4 சிப்பாயையும் தொடுகிறது. தபால்காரரின் கண் சி4-இல் விழுந்தது. கை பி3-க்குப் போயிற்று. ‘தொட்டால் காப்பாற்று’ என்பது நல்ல பழக்கம். ஆனால் பழக்கம் கணக்குக்கு முன்னால் ஓடினால் வாய்ப்பு போய்விடும்.

இங்கே 9. டி4 ஆடியிருந்தால் கறுப்புக்கு வழியே இல்லை. சிப்பாய் சி5 மந்திரியைத் தொடுகிறது. அதற்கு மேல், அடுத்து டி5 என்று ஒரு கட்டம் ஏறினால் இ6 மந்திரியையும் சி6 குதிரையையும் ஒரே அடியில் தொடும். ஃபோர்க் என்று நாம் சொல்வதில் இது சிப்பாய் போடும் ஃபோர்க். மலிவான காய் விலையுயர்ந்த இரண்டு காய்களைப் பிடிப்பது. சி5 மந்திரி பி6-க்கு ஓடினால் டி5 வருகிறது. 9...இ×டி4 10. இ×டி4 என்று முதலில் வெட்டினாலும் நிலை மாறாது. 9...மந்திரி×சி4 என்றால் 10. டி×சி5 டி×சி5, இரண்டு சிப்பாய்களுக்கு ஒரு மந்திரி கிடைக்கிறது.

கறுப்பு எங்கே பிசகியது என்பதும் இதிலேயே தெரிகிறது. இ6-உம் சி6-உம் டி5 சிப்பாய் தொடும் இரண்டு கட்டங்கள். அவை இரண்டிலும் காய்களை நிறுத்திவிட்டு, டி4-இல் அடிபடும் இடத்தில் மூன்றாவது காயையும் வைத்திருந்தார். 8...மந்திரி×இ2 என்று வெட்டியிருக்கலாம், 8...மந்திரி எஃப்5 என்று தள்ளி நின்றிருக்கலாம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் ஒன்று: ஓரத் தொடக்கம் ஆடும்போது, எதிராளி ஒவ்வொரு முறை காயை நகர்த்தியதும், ‘இப்போது டி4 போட்டால் என்ன?’ என்று உங்களுக்குள் ஒரு முறை கேளுங்கள். பதில் ‘வேண்டாம்’ என்றே பலமுறை வரும். கேட்காமல் விட்ட ஒரு முறைதான் ‘வேண்டும்’ என்று இருந்திருக்கும்.

பொறுமையும் தாமதமும் ஒன்றல்ல

9...ராணி டி7
10. ராஜா எச்2!

ராணியும் மந்திரியும் சேர்ந்து எச்3 சிப்பாயைக் குறிவைக்கின்றன. இப்போதும் டி5 ஃபோர்க் கண்முன்னே இருக்கிறது. பின் ஏன் 10. டி4 ஆடவில்லை? தபால்காரர் இங்கே நன்றாக யோசித்தார். நீங்களும் காய்களை நகர்த்திப் பாருங்கள்: 10. டி4 மந்திரி×எச்3 11. மந்திரி×எச்3 ராணி×எச்3 12. டி×சி5. வெள்ளை இரண்டு மந்திரிகளை வெட்டிக் கொழுத்திருக்கிறது. ஆனால் 12...குதிரை ஜி4! வந்ததும் எச்2-இல் மேட் காத்திருக்கிறது. 13. யானை இ1 என்று ராஜாவுக்கு வழி விட்டாலும் 13...ராணி எச்2+ 14. ராஜா எஃப்1 ராணி×எஃப்2, செக்மேட். பேராசைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 11. டி×சி5 என்று நிதானமாக வெட்டினால் வெள்ளை பிழைக்கும். ஆனால் ராஜாவின் வீடு பாதி இடிந்துவிடும்.

10. ராஜா எச்2 இந்தத் தொல்லையை ஒரே நகர்வில் தீர்க்கிறது. இனி எச்3-இல் ராணி வெட்டினால் ராஜாவே அதை வெட்டும். டி4 மிரட்டல் அப்படியே நிற்கிறது. 9-ஆவது நகர்வில் அவர் செய்தது தாமதம்; 10-ஆவது நகர்வில் செய்தது பொறுமை. இரண்டுமே டி4-ஐத் தள்ளிப்போட்டன. முதலாவது டி4-ஐப் பார்க்காததால் வந்தது. இரண்டாவது பார்த்ததால் வந்தது.

10...ஏ8 யானை டி8?
11. டி4! இ×டி4
12. இ×டி4 மந்திரி பி6
13. டி5

யானையை நடுவுக்குக் கொண்டுவருவது பொதுவாக நல்லதுதான். ஆனால் ஃபோர்க்கைக் கறுப்பு இன்னும் காணவில்லை. திண்ணையில் இருந்தவர் இப்போது கூடத்துக்குள் வந்துவிட்டார். பத்து நகர்வு வரை நடுவில் ஒரு சிப்பாய்கூட இல்லாதிருந்த வெள்ளை, மூன்று நகர்வுகளில் நடுவைப் பிடித்து ஒரு காயையும் பறிக்கிறது.

12-ஆவது நகர்வில் கறுப்பு 12...மந்திரி×எச்3 என்று முயன்றிருந்தால்? 13. மந்திரி×எச்3 என்றதும் அந்த மந்திரி டி7 ராணியைத் தொடும். டி4 சிப்பாய் சி5 மந்திரியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் காப்பாற்ற ஒரே நகர்வு போதாது. எச்2 ராஜாவின் மதிப்பு இப்போது புரிகிறதல்லவா?

ஒரு காய் கூடுதல் என்றால் ஆட்டம் முடிந்ததா?

13...குதிரை இ5
14. டி×இ6 எஃப்×இ6

நம்மைப் போன்றவர்களின் ஆட்டங்களில் பாதி இந்த இடத்தில்தான் திசைமாறும். ஒரு மந்திரி கூடுதலாகக் கிடைத்ததும் மூச்சு விட்டு, கவனத்தையும் விட்டுவிடுகிறோம். மாணவி மனம் தளரவில்லை. எஃப் சிப்பாயால் வெட்டி யானைக்கு எஃப் வரிசையைத் திறந்தார். யானையும் பி6 மந்திரியும் எஃப்2-இல் கண் வைக்கின்றன. எஃப்6 குதிரை ஜி4-இல் செக்கோடு குதிக்கக் காத்திருக்கிறது. காய் ஒன்று குறைவாக இருந்தாலும் விளையாட்டு அவர் கையில் இருப்பது போன்ற தோற்றம்.

குதிரை இ5-இல் ஏறியபோது சி4 சிப்பாயையும் தொட்டது. பி3 அதைக் காத்தது. வாய்ப்பைத் தவறவிட்ட நகர்வும் இப்படி எப்போதாவது பயன்படும். அதை நம்பி ஆடக்கூடாது, அவ்வளவுதான்.

15. குதிரை எஃப்4!

முன்னால் இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் எப்படித் தாக்குவது?’ என்பதல்ல, ‘எதிராளிக்கு மீதமிருக்கும் ஒரே நம்பிக்கை எது?’ என்பது. இங்கே அது எஃப் வரிசை. குதிரை அந்த வரிசையின் குறுக்கே உட்கார்ந்தது. கதவு மூடியாயிற்று.

15...டி8 யானை இ8
16. மந்திரி பி2 குதிரை ஜி6
17. குதிரை×ஜி6 எச்×ஜி6

பி2-இல் உட்கார்ந்த மந்திரி மற்றொரு நீண்ட மூலைவிட்டத்தைப் பார்க்கிறது. கறுப்பு தன் இ5 குதிரையை ஜி6-க்குக் கொண்டுபோய் எஃப்4 குதிரையை விரட்டப் பார்த்தது. வெள்ளை ஓடவில்லை, மாற்றிக்கொண்டது. காய் அதிகமாக இருக்கும்போது காய்க்குக் காய் மாற்றுவது லாபம். பத்துக்கு ஒன்பது என்பதைவிட மூன்றுக்கு இரண்டு பெரிய வித்தியாசம் என்று கணக்கு வாத்தியார் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. எச் சிப்பாய் ஜி வரிசைக்குப் போய்விட்டது. கறுப்பு ராஜாவின் பக்கவாசல் திறந்தது. ஜி6 சிப்பாய்க்குத் துணையும் இல்லை.

18. குதிரை இ4! குதிரை×இ4
19. மந்திரி×இ4 யானை×எஃப்2+?
20. யானை×எஃப்2 மந்திரி×எஃப்2
21. மந்திரி×ஜி6 யானை இ7
22. ராணி எச்5, கறுப்பு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது.

மாணவிக்கு எஃப்2 சிப்பாய் கிடைத்தது. ஆனால் அதை எடுக்கப் போன நேரத்தில் வெள்ளையின் மந்திரி ஜி6-க்கு வந்துவிட்டது. அடுத்து ராணி எச்7+ ராஜா எஃப்8, பிறகு ராணி எச்8 மேட். ஜி6 மந்திரி எஃப்7, இ8 இரண்டையும் அடைத்துவிட்டதால் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. 22...ராஜா எஃப்8 என்று முன்னமே நகர்ந்தாலும் உடனே ராணி எச்8 மேட். 22...யானை எஃப்7 என்றால் 23. மந்திரி×எஃப்7+, யானை போய்விடும்.

மேட் வலையைப் பின்னிய மந்திரி எது என்று திரும்பிப் பாருங்கள். 4-ஆவது நகர்வில் ஜி2-இல் உட்கார்ந்தது. 18 நகர்வு வரை அசையவே இல்லை. இ4-க்கு ஒரு தாவல், ஜி6-க்கு ஒரு தாவல். திண்ணையில் தூங்குவதுபோல் இருந்தவர்தான் வீட்டுச் சாவியை வைத்திருந்தார்.

ஆட்டம் முடிந்து காய்களை அடுக்கும்போது மாணவி கேட்டார்: “அங்கிள், ஒன்பதாவது மூவ்லயே டி4 இருந்துச்சே, பாத்தீங்களா?” அவர் சிரித்தார். “நீ சி4-ஐத் தொட்டதும் கை தானா பி3-க்குப் போயிடுச்சும்மா. நீயும்தான் பாக்கல, இல்லன்னா இ6-ல போய் நிப்பியா?” இருவரும் மறுபடி 8-ஆவது நகர்வுக்குக் காய்களை வைத்துப் பார்த்தார்கள். ஆட்டத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருவரும் அதிகம் கற்றிருப்பார்கள். தோற்ற ஆட்டத்தை எதிராளியோடு சேர்ந்து அலசுவதைவிட மலிவான பயிற்சி வகுப்பு எங்கும் இல்லை.

திண்ணையிலேயே தங்கிவிட்டால்

ஓரத் தொடக்கம் மையத்தைப் பிடிப்பதைத் தள்ளிப்போடுகிறது, மையத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் மேதையும் அடிபடுவார். 1970-இல் பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதின. உலக அணியின் முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. லார்சன் பி3 என்று தொடங்கினார். 4, 5, 6 ஆகிய மூன்று நகர்வுகளிலும் ஒரே குதிரையை நகர்த்தினார். ராஜா கோட்டை கட்டாமல் நடுவிலேயே நின்றது. ஸ்பாஸ்கி காய்களை வேகமாக வெளியே எடுத்து, எச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டே வந்து, 14-ஆவது நகர்வில் யானையையே எச்1-இல் பலி கொடுத்தார். 17 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. முடியும்போது வெள்ளையின் ராணி பக்கக் குதிரையும் யானையும் தொடங்கிய கட்டங்களிலேயே நின்றன.

அந்தத் தோல்விக்கு பி3 என்ற முதல் நகர்வைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு நேரத்தை வீணாக்கியதுதான் காரணம். ஓரத்தில் தொடங்குபவருக்கு நேரம் இன்னும் முக்கியம். நடுவில் காவல் இல்லாததால் எதிராளி எந்தக் கணத்திலும் உள்ளே வரலாம்.

எப்போது நுழைவது?

டி4 ஆடும் முன் இந்த நான்கையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

முதலாவது, என் ராஜா கோட்டைக்குள் இருக்கிறதா? நடு திறந்தால் முதலில் காற்று அடிப்பது ராஜாவின்மேல்தான்.

இரண்டாவது, டி4-ஐ எத்தனை காய்கள் தாங்குகின்றன, எத்தனை தாக்குகின்றன? நம் ஆட்டத்தில் இ3 சிப்பாயும் இ2 குதிரையும் ராணியும் தாங்கின.

மூன்றாவது, தாங்குவதாக நினைக்கும் காய்களில் ஏதாவது கட்டுண்டு கிடக்கிறதா? 8-ஆவது நகர்வில் இ2 குதிரை அப்படித்தான் கிடந்தது. எச்3 தான் அதை விடுவித்தது.

நான்காவது, சிப்பாய் ஏறும்போது எதையாவது தொடுகிறதா? சும்மா ஏறும் டி4 நல்லது. சி5 மந்திரியைத் தொட்டுக்கொண்டு ஏறும் டி4 அதைவிட நல்லது. எதிராளி பதில் சொல்லும் நேரத்தில் உங்களுக்கு ஒரு நகர்வு இலவசம்.

இன்னொரு எச்சரிக்கை. சி4, ஜி3, மந்திரி ஜி2, இ3, குதிரை இ2, கோட்டை என்று ஆறு நகர்வுகளை மனப்பாடமாக ஆட முடியும் என்பதாலேயே இந்தத் தொடக்கம் பலருக்குப் பிடிக்கிறது. முதல் ஐந்து நிமிடம் எதிராளியின் பக்கம் பார்க்காமலே ஆடிவிடலாம் என்ற நினைப்பு அது. 9. பி3 அப்படிப் பிறந்த நகர்வுதான். மனப்பாடம் கையை வேகமாக்கட்டும், கண்ணை மூடவேண்டாம்.

பயிற்சி

கேள்வி 1. 10-ஆவது நகர்வில் கறுப்பு யானையை நகர்த்தாமல் வேறு எப்படி ஃபோர்க்கைத் தவிர்த்திருக்கலாம்?

கேள்வி 2. 15-ஆவது நகர்வில் குதிரை எஃப்4-க்குப் பதிலாகக் குதிரை இ4 ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே குதிரை இ4 18-ஆவது நகர்வில் ஏன் நன்றாக இருந்தது?

கேள்வி 3. 21-ஆவது நகர்வில் கறுப்பு யானை இ7-க்குப் பதிலாக யானை எஃப்8 ஆடினால் வெள்ளை என்ன செய்ய வேண்டும்?

விடை 1. மூன்று காய்களும் டி சிப்பாயின் வழியில் நிற்பதுதான் சிக்கல். ஒன்றை முன்கூட்டியே நகர்த்தினால் போதும். 10...மந்திரி எஃப்5 ஆடினால் டி5-க்குத் தொட இரண்டு காய்கள் இருக்காது. 10...மந்திரி பி6 ஆடினால் டி4 வரும்போது அடிபடாது. மற்ற மந்திரியை நகர்த்த நேரம் கிடைக்கும்.

விடை 2. 15. குதிரை இ4 குதிரை×இ4 16. மந்திரி×இ4 யானை×எஃப்2+ 17. யானை×எஃப்2 மந்திரி×எஃப்2. வெள்ளை ஒரு சிப்பாயை இழக்கிறது; ராஜாவின் முன்வாசலும் திறக்கிறது; இ5 குதிரை இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது. 18-ஆவது நகர்விலும் கறுப்பு இதே வழியில்தான் வெட்டியது. ஆனால் அப்போது இ5 குதிரை பலகையில் இல்லை. எச் சிப்பாய் ஜி6-க்குப் போயிருந்தது. மந்திரி அதை வெட்டிக்கொண்டே தாக்குதலில் இறங்க முடிந்தது. ஒரே நகர்வு, மூன்று நகர்வு இடைவெளியில், அவசரமாகவும் இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம்.

விடை 3. அதே 22. ராணி எச்5. இப்போது ராணி எச்7 உடனே மேட், ஏனென்றால் எஃப்8-இல் சொந்த யானையே ராஜாவின் வழியை மறித்து நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெள்ளை ஆடும்போது சி4 என்று தொடங்கிப் பாருங்கள். ஆட்டத்தாளில் நகர்வுகளை எழுதும்போது, டி4 ஆடலாமா என்று யோசித்த ஒவ்வொரு நகர்வின் பக்கத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டுக்கு வந்து எண்ணுங்கள். புள்ளியே இல்லாத தாள், நீங்கள் வென்றிருந்தாலும், திண்ணையிலேயே கழிந்த ஆட்டத்தின் தாள்.